கீழே மரத்தூண், மேலே சுண்ணாம்புத் தூண்: புதுச்சேரியின் பிரெஞ்சு-தமிழ் வீடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரிக்கு வரும் உறவினர்களையும் நண்பர்களையும் பழைய வீதிகளில் நடத்திக் கூட்டிப்போவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. கூலி, கடைசியில் ஒரு டீ. கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் படம் எடுத்து முடித்ததும் வாய்க்காலைத் தாண்டி மேற்கே அழைத்துப் போவேன். அங்கேதான் கேள்விகள் ஆரம்பிக்கும். இது தமிழ் வீடா, பிரெஞ்சு வீடா? யார் கட்டியது? ஏன் இப்படி? வெயிலில் நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதி வைக்கிறேன்.

பிரெஞ்சு-தமிழ் வீடு என்று எதைச் சொல்கிறார்கள்?

நகரின் மேற்குப் பாதியில் தமிழர்கள் கட்டி வாழ்ந்த ஒரு வகை மாடி வீட்டை. தெருவில் நின்று பார்த்தால் கீழ்த்தளம் அப்பட்டமான தமிழ் வீடு. சாய்ந்த ஓட்டுத் தாழ்வாரம், அதைத் தாங்கும் மெல்லிய மரக்கால்கள், உள்ளே தள்ளித் திண்ணை, நடுவில் செதுக்கு வேலை செய்த இரட்டைக் கதவு. தலையை நிமிர்த்தினால் வேறு ஊர். மேல் விளிம்பு வளைந்த நெட்டை ஜன்னல்கள், அவற்றுக்குச் சாய்வாகப் பட்டைகள் அடுக்கிய மரக்கதவுகள், சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், உச்சியில் குட்டித் தூண்களை வரிசையாக நட்ட கைப்பிடிச்சுவர், அதற்குப் பின்னால் மொட்டைமாடி. கீழே ஓடு, மேலே மொட்டைமாடி என்று நினைவில் வைத்துக்கொண்டால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

எல்லா வீடும் இப்படி இடுப்பில் கோடு கிழித்ததுபோலப் பிரிந்திருக்காது. ஒரே தளமுள்ள வீட்டில் வாசலுக்கு இருபுறமும் அரைத்தூண் வைத்ததோடு திருப்திப்பட்டவர்களும் உண்டு. முகப்பு முழுவதையும் பிரெஞ்சு பாணியில் எழுப்பிவிட்டு, கதவைத் திறந்தால் முற்றமும் துளசி மாடமுமாக இருப்பவர்களும் உண்டு.

எந்தத் தெருக்களில் பார்க்கலாம்?

ஊரை வடக்கு தெற்காக வெட்டும் பெரிய வாய்க்கால்தான் எல்லை. கிழக்கே கடலோரம் பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பகுதி, மேற்கே தமிழர் பகுதி. பழைய ஆவணங்கள் வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று கூச்சமில்லாமல் எழுதின. மேற்கிலும் உள்பிரிவு உண்டு. வைசியாள் வீதி, பெருமாள் கோயில் வீதி, ஈசுவரன் கோயில் வீதிப் பக்கம் இந்துக்கள். மிஷன் வீதியில் சம்பா கோயில் என்ற மாதா கோயிலைச் சுற்றிக் கிறிஸ்தவர்கள். தெற்கே காஜியார் வீதி, முல்லா வீதிப் பக்கம் முஸ்லிம்கள். மூன்று பகுதியிலும் கலப்பு வீடுகள் இருக்கின்றன. நேரம் குறைவாக இருந்தால் வைசியாள் வீதி ஒன்றே போதும்.

இன்னொரு சங்கதி. பிரெஞ்சு நகரம் என்று எல்லோரும் புகழும் அந்த நேர்க்கோட்டு வீதிகளின் திட்டம், ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்த 1693 முதல் 1699 வரையிலான ஆறு ஆண்டுகளில் வரையப்பட்டது. கலப்பு என்பது வீட்டில் மட்டும் என்று நினைக்க வேண்டாம், அது தெருவிலேயே தொடங்கிவிட்டது.

இவற்றில் மிகப் பழையது எது?

மார்க்கெட் பக்கம், அவர் பெயரையே தாங்கி நிற்கும் ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. 1730களில் கட்டியது. கீழ்த்தளத்தில் முற்றத்தைச் சுற்றிச் செதுக்கிய மரத்தூண்கள். மேல்தளத்தில் செங்கல்லால் கட்டிச் சுண்ணாம்பு பூசிய ஐரோப்பிய பாணித் தூண்கள். பிற்காலத்தில் இந்த ஊரின் முத்திரையாகிப்போன 'கீழே தமிழ், மேலே பிரெஞ்சு' என்ற ஏற்பாடு இந்த வீட்டிலேயே முழுசாக இருக்கிறது.

பிள்ளை 1709ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு புதுச்சேரிக்கு வந்தவர். 1736 முதல் 1761ல் இறக்கும்வரை அவர் எழுதிய நாட்குறிப்பைப் பற்றித் தமிழ் வாசகருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1747ல் ஆளுநர் டூப்ளேவின் தலைமைத் துபாஷி ஆனார். துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். 'இரண்டு பாஷை பேசியவருக்கு இரண்டு பாஷை பேசும் வீடு' என்று ஊர்சுற்றிக் காட்டுபவர்கள் எல்லோரிடமும் ஒரு வசனம் தயாராக இருக்கும். நானும் சொல்லியிருக்கிறேன், கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் தேதியைப் பார்த்தால் வசனம் இடிக்கிறது. வீடு எழும்பியபோது அவர் தலைமைத் துபாஷி இல்லை, மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு வியாபாரி. பதவி வந்த பிறகு கட்டிய மாளிகையாக இதைப் பார்ப்பதைவிட, பதவிக்கு முன்பே தன் நிலையைத் தெருவுக்குச் சொல்லிவிட்ட வீடாகப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

கடலோர பிரெஞ்சு வீடுகள் அதைவிடப் பழையவை இல்லையா?

இல்லை. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை.

1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூருக்குப் பக்கத்தில் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். அதற்குப் பழிவாங்கல் மூன்று ஆண்டுகளில் வந்தது. நீண்ட முற்றுகைக்குப் பிறகு 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. கோட்டையையும் வெள்ளையர் பகுதிக் கட்டடங்களையும் அவர்கள் தரைமட்டமாக்கினார்கள். 1763ல் பாரிஸ் உடன்படிக்கை, 1765ல் ஊர் திரும்பக் கைக்கு வந்தது, அதன் பிறகு பழைய வீதிக் கோடுகளின் மேலேயே புதிதாகக் கட்டினார்கள். ஆக, இன்று கடலோரம் படம் எடுத்துக்கொள்ளும் வீடுகள் எல்லாம் அதற்குப் பிற்பட்டவை. ரங்கப்பிள்ளை வீடு அவற்றுக்கு மூத்தது. பிள்ளை அந்த அழிவைப் பார்க்கவில்லை. ஊர் விழுவதற்குச் சில நாட்கள் முன்புதான் இறந்துபோனார்.

ஏன் கீழே தமிழ், மேலே பிரெஞ்சு? மாற்றியும் கட்டியிருக்கலாமே?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்.

கீழ்த்தளம் என்பது தமிழ்க் குடும்பத்துக்கு வெறும் அறைகளின் கூட்டம் இல்லை. யார் எதுவரை வரலாம் என்ற ஒழுங்கு அது. வழிப்போக்கனுக்குத் தாழ்வாரம். பெயர் தெரியாதவருக்குத் திண்ணை. தெரிந்தவருக்கு நடை, சில வீடுகளில் ரேழி என்பார்கள். உறவுக்காரருக்கு முற்றம். அடுப்படிக்கும் பூஜை அறைக்கும் வீட்டார் மட்டும். இதில் சாதி இருக்கிறது, தீட்டு இருக்கிறது, பெண்களை எங்கே நிறுத்துவது என்ற கணக்கும் இருக்கிறது. கல்யாணமும் சாவும் நடப்பது முற்றத்தில். இந்த வரிசையைக் கலைத்துவிட்டு ஒரு பிரெஞ்சு வரவேற்பறையை நடுவில் வைக்க எந்தக் குடும்பமும் சம்மதித்திருக்காது, எவ்வளவு பணம் இருந்தாலும்.

மேல்தளத்துக்கு அப்படிப்பட்ட கட்டளை எதுவும் கிடையாது. தமிழ்த் தெரு வீடு பெரும்பாலும் ஒரே தளம்தான். மாடியில் எந்த அறை எங்கே வர வேண்டும் என்று பாட்டி சொல்லி வைத்ததில்லை. அங்கே மனம்போல் கட்டலாம். வெள்ளைக்கார விருந்தாளியை மாடிப்படி வழியாக நேரே மேலே கூட்டிப்போய் நாற்காலி போட்டு உட்கார வைக்கலாம், கீழே யாருக்கும் சங்கடம் இல்லை. தெருவில் போகிறவன் கண்ணில் படுவதும் மாடிதான். கடற்காற்று கிடைப்பதும் அங்கேதான்.

காலமும் ஒரு காரணம், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பல வீடுகளில் இரண்டு தளமும் ஒரே மூச்சில் எழுந்தவை இல்லை. ஒரு தலைமுறை கீழே கட்டியது. துணி வியாபாரத்திலோ, பிரெஞ்சு அரசு உத்தியோகத்திலோ, பிற்பாடு வியட்நாமின் சைகோன் பக்கம் போய்ச் சம்பாதித்தோ காசு சேர்ந்ததும் அடுத்த தலைமுறை மேலே எழுப்பியது. அப்போது ஊரில் எது நாகரிகமோ அது மாடியில் ஏறியது. பிரெஞ்சுக்காரர் யாரும் வந்து இப்படிக் கட்டு என்று சொல்லவில்லை. கடலோரத்தில் பார்த்ததில் தங்களுக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, வேண்டாததை விட்டுவிட்டவர்கள் வீட்டுச் சொந்தக்காரர்கள்.

தாழ்வாரமும் திண்ணையும் ஒன்றா?

இல்லை. தாழ்வாரம் தெருவை ஒட்டிய கூரை. அதன் கீழே நடப்பவர் யாராகவும் இருக்கலாம். ஒரு காலத்தில் தெரு நெடுக வீட்டுக்கு வீடு தாழ்வாரம் தொட்டுக்கொண்டு போனதால் மழையில் நனையாமலும் வெயிலில் வாடாமலும் தெருமுனைவரை போய்விடலாம். திண்ணை அதற்குள்ளே, சுவரோடு சேர்த்துக் கட்டிய மேடை. அது வீட்டுக்காரருக்குச் சொந்தம், ஆனால் கேட்காமல் உட்காரலாம். தலைசாய்க்க வசதியாக ஓரத்தில் சரிவு வைத்த திண்ணைகளும் உண்டு.

பிரெஞ்சு வீட்டில் இரண்டும் கிடையாது. உயரமான மதில், பெரிய வளைவு வாசல், உள்ளே தோட்டம். அந்த வீடு தன் தோட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது, தமிழ் வீடு தெருவைப் பார்த்து. இரண்டு பகுதியிலும் பத்து நிமிடம் நடந்தாலே இது உடம்புக்குத் தெரியும்: கிழக்கே வெறும் சுவர், மேற்கே முகங்கள்.

முற்றம் வெளிச்சத்துக்கு மட்டும்தானா?

இருபுறமும் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டிக்கொண்டிருக்கும் நீளமான மனையில் பக்கவாட்டு ஜன்னலுக்கு வழியே இல்லை. வெளிச்சம், காற்று இரண்டும் வானத்திலிருந்துதான் வர வேண்டும். வெயிலில் முற்றத்துக் காற்று சூடாகி மேலே போகும், அந்த இடத்தை நிரப்ப வாசல் பக்கத்திலிருந்தும் கொல்லைப் பக்கத்திலிருந்தும் காற்று உள்ளே வரும். அதனால்தான் தெருக்கதவு, நடைக்கதவு, முற்றம், பின்கட்டு, கொல்லைக்கதவு எல்லாம் ஒரே கோட்டில் இருக்கும். எல்லாம் திறந்திருந்தால் தெருவில் நின்றே கொல்லைக் கிணறு தெரியும்.

முற்றத்து மரத்தூண்களின் காலைக் கவனியுங்கள். எதுவும் தரையில் நேராக நிற்காது, ஒரு கருங்கல்லின் மேல் நிற்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் முற்றத்தில் தண்ணீர் தெறித்தாலும் மரம் ஈரத்தைத் தொடாமல் இருக்கத்தான். தூணின் தலையில் விரிந்திருக்கும் போதிகை அலங்காரம்போலத் தெரிந்தாலும், உத்திரத்தின் பாரத்தைப் பரப்பித் தூணில் இறக்குவதே அதன் வேலை.

மாடி ஜன்னல்களில் ஏன் சாய்ந்த பட்டைகள்?

வெயிலும் சாரலும் உள்ளே வராது, காற்று வரும். உள்ளிருந்து தெருவைப் பார்க்கலாம், தெருவிலிருந்து உள்ளே தெரியாது. இந்தக் கடைசி வசதியை நம் வீடுகள் ஆவலோடு ஏற்றுக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. மாடியிலிருந்து தேர் பார்க்கும் பெண்களுக்கு இதைவிட நல்ல திரை ஏது?

போகிற போக்கில் ஒன்று. ஜன்னல், அலமாரி, சாவி, மேஸ்திரி நான்கும் போர்ச்சுகீசியரிடமிருந்து தமிழுக்கு வந்த சொற்கள். பிரெஞ்சுக்காரன் கப்பலிலிருந்து இறங்கும் முன்பே தமிழ் வீட்டுப் பேச்சில் கலப்பு வந்துவிட்டது.

இரும்புக் கம்பியே இல்லாமல் மொட்டைமாடித் தளம் எப்படி நிற்கிறது?

மெட்ராஸ் டெரஸ் என்று இதற்குப் பெயர். கடலோர பிரெஞ்சு வீடுகளிலும் இதே தளம்தான். இன்று புதிதாகப் போடக் கை தேர்ந்த கொத்தனார் கிடைப்பது அரிதாகிவிட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சுவருக்குச் சுவர் மர உத்திரங்கள். அவற்றின் மேல் குறுக்கே, ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு ஒன்றாக மரச் சட்டங்கள், பெரும்பாலும் தேக்கு. பிறகு இந்தத் தளத்துக்கென்றே செய்த மெல்லிய சின்னச் செங்கல். ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம். இதைப் படுக்க வைக்க மாட்டார்கள். விளிம்பில் குத்திட்டு நிறுத்தி, சட்டங்களுக்குக் குறுக்கே மூலைவாட்டில் சாய்கோடாக அடுக்குவார்கள். ஒவ்வொரு கல்லும் சுண்ணாம்புச் சாந்தால் முந்தைய கல்லைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அடியில் பலகை முட்டுக் கொடுக்க வேண்டியதே இல்லை. ஒரு மூலையில் தொடங்கினால் வரிசை வரிசையாகத் தளம் தன்னைத்தானே சுமந்துகொண்டு எதிர்மூலைக்குப் போய்ச் சேரும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் சட்டங்களுக்கிடையே அந்தச் சாய்கோட்டு வரிசை தெரியும். அதைப் பார்த்தால் அது மெட்ராஸ் டெரஸ்.

அதன் மேல் உடைத்த செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த கலவையை மூன்று நான்கு அங்குலத்துக்குப் பரப்பி, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். கட்டை துள்ளித் திரும்பும்வரை விடக்கூடாது என்பது கணக்கு. கடைசியில் தட்டையான ஓடு பதித்து, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்து முடிப்பார்கள்.

இதன் பலவீனம் ஒரே இடத்தில்தான்: சுவருக்குள் புதைந்திருக்கும் சட்டத்தின் முனை. மேலே விரிசல் விட்டுச் சுவரில் ஈரம் இறங்கினால் அந்த முனை இற்றுப்போகும், இல்லாவிட்டால் கரையான் ஏறும். வெளியே ஒன்றும் தெரியாது. அறை நடுவில் சட்டம் புதுத் தேக்கு மாதிரியே மின்னும். ஒருநாள் மழையில் மொத்தமாக இறங்கும்.

சுவர் ஏன் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கிறது?

கிளிஞ்சல் சுண்ணாம்பு. பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது. கோடையில் முதுகை வைத்துச் சாய்ந்தால் விலகி வர மனம் வராது.

அப்படியானால் இதுவும் செட்டிநாட்டு வீடு மாதிரிதானே?

முற்றம், மரத்தூண், முட்டைப் பூச்சு எல்லாம் பொதுதான். அளவு வேறு, நோக்கம் வேறு. செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பர்மா, மலேயா பணத்தில் எழுந்தவை. முற்றத்தோடு கூடிய கட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும். புதுச்சேரி வீடு நகரத்து வீடு. மனை ஒடுக்கம், பக்கத்து வீட்டோடு சுவர் பகிர்வு, ஒரு முற்றம், மிஞ்சினால் இரண்டு. செட்டிநாட்டில் வெளிநாட்டுப் பொருள் வந்தது: இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி. இங்கே வந்தது பொருளைவிடப் பாணிதான். கல்லும் சுண்ணாம்பும் கொத்தனாரும் உள்ளூர்.

பிரெஞ்சுப் பகுதி வீடுகளாவது கலப்பில்லாத பிரெஞ்சு என்று சொல்லலாமா?

முகத்தை மட்டும் பார்த்தால் சொல்லலாம். தளம் மெட்ராஸ் டெரஸ், பூச்சு நம் சுண்ணாம்பு, கட்டிய கை தமிழ்க் கை. தோட்டத்தைப் பார்த்த நீளமான வராந்தாவும் பதினைந்து அடி உயரக் கூரையும் இந்த வெயிலுக்காக வந்தவை, பாரிஸ் நகரத் தெருவீட்டுக்கு அவை தேவைப்பட்டதில்லை. தமிழ் வீட்டின் கலப்பு வெளியே தெரியும், பிரெஞ்சு வீட்டின் கலப்பு சுவருக்குள் இருக்கும். முதலாவதைத்தான் கலப்பு என்கிறோம், இரண்டாவதை பிரெஞ்சு என்று விட்டுவிடுகிறோம். எனக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

பழைய வீட்டுச் சுவர் உதிர்கிறது, சிமென்ட் பூசலாமா?

தயவுசெய்து வேண்டாம். எங்கள் பாட்டி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முற்றத்துச் சுவரில் அடிப்பாகம் உதிர ஆரம்பித்தது. வந்த மேஸ்திரி பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, இடுப்பளவு சிமென்ட் பூசி, 'இனி நூறு வருஷத்துக்குக் கவலை இல்லை' என்றார். இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவதில் சிமென்ட் அப்படியே இருக்க, அதற்கு மேலே, இதுவரை நன்றாக இருந்த சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்துகொண்டு வந்தது.

காரணம் எளிது. பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கடலோர மண்ணில் அந்த ஈரத்தோடு உப்பும் வரும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஈரம் ஆவியாகிவிடும், போகும்போது பூச்சைக் கொஞ்சம் தின்னும். சில வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பூச்சைப் புதுப்பித்தால் போதும், சுவர் பிழைத்துக்கொள்ளும். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. அது மேலே ஏறி வேறு வழி தேடும், உள்ளே செங்கல்லையும் கரைக்கும். சிமென்டுக்கு மேல் பளபள பெயின்ட் வேறு அடித்தால் கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் கடைசியில் சிமென்ட் முழுவதையும் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பே பூசினோம். செலவு இரண்டு மடங்கு, பாட்டியிடம் வாங்கிய திட்டு தனி.

மொட்டைமாடி ஒழுகும்போது மேலே சிமென்ட் கலவை போடுவதும் இதே ரகம்தான். பாரம் கூடும், ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும், சட்ட முனை சீக்கிரம் இற்றுப்போகும்.

அசல் நிறம் எது? மஞ்சளா?

மஞ்சளும் வெள்ளையும் கடலோர அடையாளம். தமிழ் வீதிகளில் வெள்ளை, காவி, பச்சை, நீலம் எல்லாம் வரும். சுண்ணாம்பில் வண்ணம் கலந்து வெள்ளையடித்த காலத்தில் தீபாவளிக்குத் தீபாவளி நிறம் மாறியிருக்கும். ஒரே நிறம்தான் அசல் என்று அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள்.

இந்த வீடுகளைக் காப்பாற்ற ஏதாவது நடக்கிறதா?

நடக்கிறது, ஆனால் இடிபடும் வேகத்துக்கு ஈடாக இல்லை. நல்ல செய்தி முதலில். கால்வே சுப்பராயச் செட்டி வீதி என்ற அதிகாரப்பூர்வப் பெயருடைய வைசியாள் வீதியின் ஒரு பகுதியில், பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பும் அரசும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு வரிசையாக முகப்புகளைச் சீரமைத்தார்கள். ஒரு வீட்டை மட்டும் தேர்ந்தெடுத்துப் பளபளப்பாக்காமல் தெருவை ஒரே பொருளாக எடுத்துக்கொண்டதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். 2008ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. விட்டுப்போன தாழ்வாரங்கள் சில அங்கே திரும்பவும் முளைத்தன.

கெட்ட செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். கடற்கரையில் 1870களின் தொடக்கத்திலிருந்து நின்ற மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக்கால நகராட்சி மன்றம், 2014 நவம்பர் இறுதியில் மழையில் இடிந்து விழுந்தது. பழைய உருவத்திலேயே திரும்பக் கட்டி 2021ல் திறந்தார்கள். அரசுக் கட்டடத்துக்கே அந்தக் கதி என்றால், ஏழெட்டுப் பங்காளிகள் பெயரில் இருக்கும் தமிழ் வீட்டை யார் பார்ப்பது? ஒருவர் பழுது பார்க்கலாம் என்பார், ஒருவர் விற்கலாம் என்பார், ஒருவர் பிரான்சில் இருப்பார். இங்கே பழைய வீட்டுக்குப் பெரிய எதிரி மழையா, பாகப்பிரிவினையா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

ஓட்டலாக மாற்றினால் வீட்டின் உயிர் போய்விடாதா?

கொஞ்சம் போகும். அடுப்படி இருந்த இடத்தில் குளியலறை வரும். ஆனால் தளம் ஒழுகாது, சட்டம் மாறும், முற்றத்தின் மேல் தகரம் போட மாட்டார்கள். பெருமாள் கோயில் வீதியில் அப்படிச் சீராக்கிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இடித்துவிட்டு ஐந்து மாடி எழுப்புவதோடு ஒப்பிட்டால் என் ஓட்டு ஓட்டலுக்கு.

உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

ரங்கப்பிள்ளை வீடு தினமும் திறந்து வைக்கும் அருங்காட்சியகம் இல்லை, முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். ஒரு தமிழ்த் தெரு வீட்டின் உள்ளமைப்பைப் பார்த்தால் போதும் என்றால் பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வாழ்ந்த வீடும், ஈசுவரன் தருமராஜா கோயில் வீதியில் பாரதியார் இல்லமும் நினைவகங்களாக இருக்கின்றன. கவிதைக்காகப் போகிறவர்கள் கூரையையும் ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம்.

மற்ற வீடுகளில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். வாசலில் நின்று உள்ளே கேமராவை நீட்டாதீர்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் போனால் திண்ணையில் பெரியவர் யாராவது உட்கார்ந்திருப்பார். 'வீடு ரொம்ப அழகா இருக்குங்க ஐயா' என்று சொல்லிப் பாருங்கள், எந்தத் தாத்தா எந்த வருஷம் மாடி எழுப்பினார் என்பதிலிருந்து தொடங்குவார். திண்ணையில் உட்காரச் சொன்னால் உட்காருங்கள். நடைக்குக் கூப்பிட்டால், செருப்பைத் தாழ்வாரத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள்.